பொம்மை மானுக்குப் பின்னால்

என் கண்ணே,

இந்த வருஷம் மான் வேட்டையில் நம் ஊர்க் கிளின்ட்தான் பொம்மை மானைத் தூக்கிப் பிடித்து உன்னோடு பதுங்கி வந்தான் என்று எழுதியிருக்கிறாயே. நான் எங்கோ எண்ணெய்க் கிணற்று வேலையில் கிடக்கிறேன், நீ என்ன செய்வாய்!

தன் பெட்டைகளுக்குப் போட்டி வந்துவிட்டதென்று கவைக்கொம்பு மான் கண்மண் தெரியாமல் ஓடி வரும்வரை, அந்தத் தட்டைப் பொம்மைக்குப் பின்னால் இருவர் எவ்வளவு ஒட்டிக் கிடக்க வேண்டுமென்று எனக்குத் தெரியாதா? நம் கல்யாணமே அங்கேதானே முடிவானது.

"லெட்டர் வந்ததிலேருந்து மூஞ்சில எள்ளும் கொள்ளும் வெடிக்குதேடா!" என்று கூட வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள்.

லீவு வாங்கிய பிறகுதான் உறைத்தது. கிளின்டுக்கு முட்டியே மடங்காதே, அவன் எப்படிப் பதுங்கினான்?

அடிப்பாவி, என்னை வரவழைக்கக் கதை விட்டாயா! இருந்தாலும் அவன் வண்டி நம் வாசலில் நிற்கக் கூடாது. பொம்மை என்று தெரிந்தேதான் ஓடி வருகிறேன்.

இப்படிக்கு,
உன் முட்டாள் மான்