காசிப் என்றால் கொள்ளுப்பருப்பு

என் கலா அம்மணிக்கு,

முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன். உன்னுடைய ஒற்றை வார்த்தையால் உன் மகள் தீபாவின் வேலை போகப் பார்த்தது. நீ கண்ணை மூடி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் இப்படியா என்னை நடுங்க வைப்பது?

துடியலூர் பம்ப் கம்பெனிக்கு நாம் ஒரே பஸ்ஸில் போன காலத்திலேயே சொன்னேன். வெண்டைக்காய் விலை, எதிர்வீட்டு நாய், என் முழங்கால் வலி, எதைப் பேசினாலும் உனக்கு அது காசிப். "வா புள்ள, காசிப் பண்ணலாம்" என்று ஜன்னலோரத்தில் இடம் போட்டு வைப்பாய். "காசிப்னா அடுத்தவங்களப் பத்திப் பொறணி பேசறது. நாம பேசறது சிட்-சாட்டு" என்பேன். "சிட்-சாட்டுன்னா சீட்டாட்டம் மாதிரி இருக்குது, போ" என்று சிரிப்பாய். ஸ்மால் டாக் என்றும் சொல்லிப் பார்த்தேன். "ஸ்மாலா? நாம பேசறதா?" என்றாய். உன் மகளும் இதைக் கேட்டுத்தானே வளர்ந்தாள்?

போன வாரம் நம் கம்பெனியில் ஒரு வதந்தி. மோட்டாருக்குக் காயில் சுற்றும் பிரிவை மூடப் போகிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட, பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு நின்றுவிட்டார்கள். புது மேனேஜர் வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. அன்று காலையில் கேண்டீனில் தீபாவும் அவளோடு வேலை பார்க்கும் ரோஸியும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தவர், என்ன பேச்சு என்று தீபாவை ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். உன் மகள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "காசிப், சார்."

அவ்வளவுதான். வதந்தியைக் கிளப்பியது இவள்தான், இவளே ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டார். இன்னும் வேலை நிரந்தரமாகாத பெண் வேறு. வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் மொழிபெயர்க்க ஓர் ஆள் வேண்டுமென்று ஸ்டோரில் வேலையாக இருந்த என்னைக் கூப்பிட்டார்.

தீபா துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். அது வெறும் சிட்-சாட், சார் என்றேன். இப்போது வார்த்தையை மாற்றுகிறீர்களா என்று கேட்டார்.

"கண்ணு, காலைல என்ன பேசுனீங்க? அப்படியே சொல்லு."

"சும்மாதானுங்க அத்த."

"சும்மாங்கறது இங்க செல்லாது. சொல்லு."

அவள் தரையைப் பார்த்தாள். "அம்மா வெச்ச மாதிரி கொள்ளுப்பருப்பு எனக்கு வரவே மாட்டேங்குதுன்னு சொல்லிட்டு இருந்தனுங்க. ரோஸி பூண்டு தட்டிப் போடச் சொன்னா."

சொன்னேன். அவர் நம்பவில்லை. தீபாவை வெளியே போகச் சொல்லிவிட்டு ரோஸியைத் தனியாக வரவழைத்தார். கேள்வியைத் தவிர வேறெதுவும் நான் பேசக் கூடாது என்றார். ரோஸி பயந்துபோய் "ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டால்? உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன் கலா, சாமியைக்கூட அல்ல.

"கொள்ளுப்பருப்புங்க" என்றாள் ரோஸி, அழாத குறையாக. "பூண்டு தட்டிப் போடச் சொன்னனுங்க. அது தப்புங்களா?"

பிறகு ஏன் காசிப் என்றாள் என்று மேனேஜர் என்னைக் கேட்டார். அது அவள் அம்மாவின் இங்கிலீஷ் சார் என்றேன். வேலையைப் பார்க்கப் போகச் சொல்லிக் கையசைத்தார். மன்னிப்பெல்லாம் கிடையாது.

வேலை பிழைத்தது, பேச்சு போய்விட்டது. அதற்குப் பிறகு தீபா கேண்டீனில் வாயே திறக்கவில்லை. பஸ்ஸில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்துவிடுவாள். நீ பெற்ற பெண் பேசாமல் இருப்பதா? அந்த மேனேஜர் அறையைவிட இதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இன்று காலை பஸ்ஸில் ஏறினால், ஜன்னலோரத்தில் பையை வைத்து எனக்கு இடம் போட்டிருந்தாள். நான் உட்கார்ந்ததும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"அத்த, காசிப் பண்ணலாங்களா?"

திருத்தம் வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். "பண்ணலாம் கண்ணு. கொள்ளு வெந்துச்சா?"

இனி அந்த வார்த்தையை நான் திருத்த மாட்டேன் கலா, இது சத்தியம். மேனேஜர் முன்னால் மட்டும் வேண்டாம் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். துடியலூர் வரும்வரை நாங்கள் காசிப்தான் பண்ணுவோம்.

உன் மகளுக்கு அத்தையான,
உன் பக்கத்து சீட்டு சுமதி