முட்டிச் சில்லும் நாக்பூர் மாமாவும்

மேனாம்பேடு, அம்பத்தூர்
21.7.1988

நாக்பூரில் லேத்து ஓட்டும் உலகநாதன் மாமாவுக்கு,

பரிசம் போட்ட அன்று உங்கள் காபியில் உப்புப் போட்ட மச்சினி வேம்புலியம்மாள் எழுதுவது. முழுப் பெயரைச் சொல்வதற்குள் உங்களுக்கு மூச்சு வாங்கும், வேம்பு போதும். முகம் சுளிக்காமல் முழு டம்ளரையும் குடித்தீர்கள் பாருங்கள், அந்தத் தைரியத்தை நம்பித்தான் எழுதுகிறேன். உலகத்துக்கே நாதன், ஒரு ரகசியம் காக்கமாட்டீர்களா?

விஷயம், பஞ்சவர்ணம் அக்காவின் வலது முட்டி. முட்டிச் சில்லு திடீரென்று வெளிப்பக்கமாக நழுவிப் போய்விடும். பத்தொன்பது வயதில், கம்பெனி வேலைக்குப் போகும் எஸ்டேட் பஸ்ஸை விட்டு இறங்கும்போது முதல் தடவை. அப்புறம் இரண்டு தடவை. ஒவ்வொரு முறையும் கட்டுப் போட்டுக் கூட்டிவந்து, "வழுக்கி உழுந்துட்டா" என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிடுவாள்.

நாலாவது தடவைக்குக் காரணம் நான். கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணின் காலைப் பிடித்து அம்மிமேல் வைப்பாரே, அப்போது எல்லார் எதிரிலும் நழுவிவிட்டால்? அம்மாவுக்கு இந்தப் பயம். அதனால் போன ஞாயிறு சமையலறை அம்மியில் ஒத்திகை. கரியால் மீசை வரைந்துகொண்டு நான்தான் நீங்கள்.

"மெதுவா தூக்குடி" என்றாள் அம்மா.

"இன்னா பொண்ணு இது, கால் இந்தக் கனம் கனக்குது!" என்று நான் வெடுக்கென்று இழுத்தேன். சில்லு பக்கவாட்டில் போய் முண்டிக்கொண்டு நின்றது. அக்கா கத்தவில்லை. என் மீசையையே பார்த்தபடி வியர்த்துப் போனாள்.

ஈ.எஸ்.ஐ. டாக்டர் ஆபரேஷன் என்கிறார். அக்காவுக்கும் அதுதான் வேண்டும். நைனாதான், "மாப்ள ஊட்டுக்குத் தெரிஞ்சா இன்னா நெனப்பாங்க? தாலி ஏறட்டும், அப்பால பாத்துக்கலாம்" என்கிறார்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பாவம் என் தலையில். நான் சொல்லாமல் இருந்தால் அதுவும் என் தலையில். இருப்பது ஒரே தலை, மாமா. பதிலை என் வகுப்பு குல்ஷன் வீட்டு விலாசத்துக்குப் போடுங்கள்.

மீசையைக் கழுவிவிட்ட,
வேம்பு

*

நாக்பூர்
2.8.1988

அன்புள்ள வேம்புவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எனக்கு உன்னைப்போல் எழுத வராது.

பரிசத்தன்று உன் அக்கா மாடிப்படியில் பக்கவாட்டாக இறங்கியதைப் பார்த்தேன். புடவை தடுக்கிறது என்று நினைத்தேன். எங்கள் ஷெட்டில் பெல்ட் அடிக்கடி சக்கரத்தை விட்டு விலகினால் பெல்ட்டை யாரும் குறை சொல்வதில்லை. மெஷினை நிறுத்தி, கோணத்தைச் சரிபார்த்துத்தான் மறுபடி ஓட்டுவோம். ஒரு முட்டிக்கு அந்த மரியாதைகூட இல்லையா?

ஆவணிக்கு லீவு கிடைக்கவில்லை, கல்யாணத்தைத் தள்ளிவைக்க வேண்டும் என்று இன்றே உன் நைனாவுக்கும் என் வீட்டுக்கும் எழுதுகிறேன். பொய்தான். பழி என்மேல் இருக்கட்டும். அதற்குள் ஆபரேஷனை முடிக்கப் பார். உன் அக்காவுக்கு எதுவும் தெரியவேண்டாம், மனம் கஷ்டப்படும்.

உன்,
உலகநாதன்

*

மேனாம்பேடு
10.9.1988

மாமா,

நல்ல செய்தி முதலில். ஆபரேஷன் முடிந்து பதினாறு நாள். உங்கள் கடிதம் வந்த அன்று நைனா, "லீவு கெடைக்கலியாம்" என்று பெருமூச்சு விட்டார். மறுநாளே அக்கா அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்துவிட்டாள். டாக்டர் சில்லை லேசாக வெளிப்பக்கம் தள்ளிப் பார்த்ததும், மறுபடி நழுவிவிடுமோ என்று அக்கா அவர் கையைப் பாய்ந்து பிடித்துக்கொண்டாள். நைனா அப்படியே அடங்கிவிட்டார். வெளிப்பக்கம் இறுக்கமாக இருந்ததைத் தளர்த்தி, உள்பக்கம் தளர்ந்ததை இறுக்கி, சில்லை இழுக்கும் நாரின் அடி எலும்பைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். உங்களுக்கு ஏற்ற பெண், மாமா!

தொடையிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டு, ஆறு வாரம். அதன்மேல் "இங்கு நோட்டீஸ் ஒட்டாதீர்" என்று எழுதி உதை வாங்கப் பார்த்தேன். நல்லவேளை, உதைக்கிற கால் கட்டுக்குள் இருந்தது.

இனி கெட்ட செய்தி. நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தை அக்காவின் கட்டுக் காலுக்கு அடியில் இருந்த தலையணை உறைக்குள் ஒளித்திருந்தேன். யாரும் அசைக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். உறை மாற்றும்போது அம்மா உதற, அது அக்கா மடியிலேயே விழுந்தது.

"முட்டி யாருது?" என்றாள் அக்கா.

"உன்துதான்க்கா."

"அப்போ ஏன்டி என்னைக் கேக்காம ரெண்டு பேரும் முடிவு பண்ணீங்க? அவர் வந்தா நானே சொல்லணும்னு இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னு கம்பெனில காயில் கம்பி சுத்திக்கினே மனசுக்குள்ள பேசிப் பார்த்தேன். பாவம் பார்த்துக் கட்டிக்கிற மாப்ள எனக்கு வாணாம்னு எழுதிடு."

எழுதிவிட்டேன். இதை எழுதும்போது ஒரு ஜோக்கும் வரவில்லை.

வேம்பு

*

நாக்பூர்
20.9.1988

வேம்புவுக்கு,

இந்தக் கடிதத்தை ஒளிக்காதே. உன் அக்கா கையிலேயே கொடு.

அவர் சொன்னது சரி. காலில் வலி அவருக்கு, முடிவு மட்டும் எனக்கு என்று நடந்துகொண்டேன். நல்லது செய்கிறேன் என்ற நினைப்பில் அவர் பேச வைத்திருந்ததைப் பேசவிடாமல் செய்துவிட்டேன். மன்னிக்கச் சொல்.

ஆனால் பாவம் பார்த்தது நான் இல்லை. பரிசத்தன்று சபை முழுக்கப் பேசிக்கொண்டிருக்க, என் டம்ளரைக் கவனித்தவர் அவர் ஒருவர்தான். யாருக்கும் தெரியாமல் தண்ணீர்ச் சொம்பை என் பக்கம் நகர்த்தினார். அன்றைக்கு என் நிலைமைக்குப் பாவம் பார்த்தது அவர்தான். அப்போதே எனக்குப் பிடித்துவிட்டது.

அவராக எழுதினால் ஒழிய நான் எழுதமாட்டேன். வேண்டாம் என்றாலும் அவர் கையெழுத்தில் வரட்டும்.

உலகநாதன்

*

அம்பத்தூர் தபால் ஆபீஸ் வாசல்
26.11.1988

மாமா,

இரண்டு மாதம் காயப்போட்டதற்கு நான் பொறுப்பில்லை. உங்கள் கடிதத்தை அக்கா நாலு தடவை படித்தாள். மடித்துத் தன் டிபன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கட்டுப் பிரித்தபோது கால் முருங்கைக்காய் மாதிரி இருந்தது. அவளே பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முட்டி மடங்கவே இல்லை. காலைத் தினமும் நீட்டித் தூக்க வேண்டும், கணுக்காலில் மணல் பை கட்டிக்கொண்டு. நான் எண்ணிக்கை சொல்லும் ஆள். ஒன்பதுக்கு அப்புறம் மறுபடி ஐந்து என்று ஏமாற்றுவேன். "தெரியும்டி" என்று சொல்லிக்கொண்டே தூக்குவாள். இப்போது நாற்காலியில் உட்கார்ந்தால் முட்டி எல்லோருக்கும் போல மடங்குகிறது. படியில் நேராக இறங்குகிறாள். அப்படி இறங்கிய முதல் நாள் அழுதாள், நானும்தான்.

நேற்று ராத்திரி சாப்பிட்டதும் உட்கார்ந்து எழுதினாள். எட்டிப் பார்த்தேன், கையால் மறைத்தாள். "ஒரு வரியாவது சொல்லுக்கா" என்று கெஞ்சினேன்.

"கல்யாணத் தேதியை நான் சொல்றேன், லீவு பொய் சொல்லாம வாங்கன்னு எழுதிக்கீறேன். போதுமா?"

இன்று காலை, "நானே போய் போடறேன்" என்று கிளம்பினாள். மேனாம்பேட்டிலிருந்து இங்கே நடை. ரயில்வே கேட் தாண்டும்போது கையைப் பிடிக்கப் போனேன், தட்டிவிட்டாள். பாதி வழியில் மூச்சு வாங்கியது எனக்குத்தான்.

கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு, உள்ளே விழுந்ததா என்று கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். இப்போது எதிர்க்கடையில் எனக்குப் பன் வாங்கிக்கொண்டிருக்கிறாள். அந்த இடைவெளியில்தான் இந்த இன்லண்டு லெட்டர்.

இதுதான் நான் எழுதும் கடைசிக் கடிதம். இனி எனக்கு எழுதாதீர்கள், அவளுக்கு எழுதுங்கள். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

அவள் கடிதமும் இதுவும் ஒரே நாளில்தான் வந்து சேரும். இதைப் படிக்கிறீர்கள் என்றால் இதை முதலில் பிரித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். என்ன மாமா நீங்கள்! கீழே வையுங்கள். அவளுடையதைப் பிரியுங்கள்.

வேம்பு