உங்கள் ரத்தம் மட்டும் தெளிவாக இருந்தது

அக்கா,

நிவேதாவுக்கு மாதவிடாய் ஒழுங்காக வருவதில்லை என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். அட்டை சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. பெயர்தான் வேறு, நாம் அன்று விழுங்கிய அதே கருத்தடை மாத்திரை. அதைப் பார்த்ததும் உங்கள்மேல் எனக்குப் பொறாமை பொங்கியது. நீங்கள் டெங்குக் காய்ச்சலில் போய் ஒரு வருஷம் ஆகிறது. போனவரைப் பார்த்துப் பொறாமைப்படுவார்களா? நான் படுகிறேன்.

தொம்மலூர் வீட்டுக்கு உங்களுக்கு அடுத்து இரண்டாவது மருமகளாக நான் வந்த அன்றே அது தொடங்கிவிட்டது. சிவாஜிநகர் சந்தையிலிருந்து ஆட்டுக்கறி வந்தால் கொழுப்புத் துண்டாகப் பொறுக்கிப் போட்டுக்கொள்வீர்கள். இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் கல்யாணப் புடவை ரவிக்கை உங்களுக்குச் சரியாக இருந்தது. நானோ ரசமும் அப்பளமுமாகச் சாப்பிட்டு ஊதிக்கொண்டே போனேன்.

எனக்கு நிவேதா பிறந்ததும் அத்தை பேரன் வேண்டும் என்று ஆரம்பித்தார். எனக்கு அப்போதுதான் கம்பெனியில் வேலை நிரந்தரமாகியிருந்தது. "நான் கருத்தடை மாத்திரை போட்டுக்கிறேன், ஒண்ணும் ஆகல. டாக்டரம்மாவைக் கேட்டுட்டு நீயும் போட்டுக்கோ" என்றீர்கள். டாக்டரம்மாவும் எழுதிக் கொடுத்தார். ரத்தத்தைப் பரிசோதித்துப் பார்க்கவில்லை.

சில மாதம் கழித்து மேல் வயிறு முதுகுவரை குத்தி இழுத்தது. ஆஸ்பத்திரியில் என் ரத்தத்தை எடுத்து வைத்தவர், குழாயில் மேலே வெள்ளையாகத் திரண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, "ஏனு மேடம், ஹாலு தரா இதே!" என்றார் கன்னடத்தில். பால் போலத்தான் இருந்தது.

"மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். அத்தை கட்டிலருகில் நின்றார். அவருக்குத் தெரியாமல்தான் நான் அதைச் சாப்பிட்டு வந்தேன்.

நீங்கள் முன்னால் வந்தீர்கள். "கருத்தடை மாத்திரை சாப்பிடுறா டாக்டர். நானும் அதேதான் சாப்பிடுறேன். நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

அத்தையின் முகம் இறுகியது. டாக்டர் மாத்திரையை உடனே நிறுத்தச் சொன்னார். "எல்லாருக்கும் இப்படி ஆகாது. இவங்களுக்குப் பரம்பரையாவே ரத்தத்துல டிரைகிளிசரைடுங்கிற கொழுப்பு அதிகம். மாத்திரையில இருக்கிற ஈஸ்ட்ரோஜன் அதை இன்னும் ஏத்திவிட்டுடுச்சு. கணையம் வீங்கியிருக்கு. விட்டிருந்தா உயிருக்கே ஆபத்து."

உங்கள் ரத்தத்தையும் பார்த்தார்கள். கண்ணாடி மாதிரி இருந்தது. நல்ல கொலஸ்ட்ரால் தாராளமாக இருக்கிறது என்று டாக்டர் பாராட்டக்கூடச் செய்தார். ஒரு சொட்டுத் தண்ணீருக்கும் அனுமதியில்லாமல் படுத்திருந்த நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என்னைக் காப்பாற்றியவரும் நீங்கள், பாராட்டு வாங்கியவரும் நீங்கள். அத்தை மாதக்கணக்கில் உங்களோடு பேசவில்லை. அதையும் சிரித்தே கடந்தீர்கள். அந்தச் சிரிப்பின்மீதும் எனக்குப் பொறாமை.

நிவேதா உங்களிடமே வளர்ந்தாள். உங்களைப் போலவே நடக்கிறாள், உங்களைப் போலவே வாய்விட்டுச் சிரிக்கிறாள். மாத்திரையைத் தொடுவதற்கு முன் ரத்தம் பார்த்தே ஆகவேண்டும் என்று நான் நின்றபோது, "பெரிம்மா இருந்தா இப்படிப் பயமுறுத்த மாட்டாங்க" என்றாள்.

நேற்று முடிவு வந்தது. அவளுக்கும் அதே கொழுப்பு, எக்கச்சக்கமாக. இந்த மாத்திரை வேண்டாம், வேறு வழி பார்க்கலாம் என்றார் டாக்டர்.

இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவள் என் மகள்தான் என்று ஒரு காகிதம் சொன்னது. ஒரு கணம் எனக்குள் ஏதோ ஜெயித்தது, அக்கா. அடுத்த கணமே, இதிலும் அவள் உங்களைப் போல் இருந்திருக்கக் கூடாதா என்று அழுதேன்.