தோல் லாரியும் நீ சொன்ன பொய்யும்

பாய்,

நேற்று அதியமான்கோட்டையில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். உப்புப் போட்ட தோல் ஏற்றிய லாரி ஒன்று எங்களைக் கடந்து போனது. நின்றிருந்தவர்கள் எல்லாரும், "அய்யய்யே, என்னா நாத்தம்!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார்கள். நான் மட்டும் மூச்சை நன்றாக இழுத்து விட்டேன். பக்கத்தில் நின்ற பெண்பிள்ளை என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பாள். நினைத்துவிட்டுப் போகட்டும். நீ போன பிறகு உன்னிடம் சொல்ல வேண்டிய ஒரு சேதி எனக்குத் தெரியவந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாம் இருவரும் ஒரே நாளில்தான் தர்மபுரி லாரிக் கம்பெனியில் டிரைவராகச் சேர்ந்தோம். யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பாதி லாரிகளைக் கரியில் ஓட்டினார்கள். பீப்பாய் மாதிரி ஓர் அடுப்பை லாரியோடு சேர்த்துக் கட்டி, கரியை எரித்து, அந்த வாயுவில் எஞ்சினை ஓட்ட வேண்டும். ஒருவன் ஓட்டினால் இன்னொருவன் கரி போட்டுக் கிளறிக்கொண்டு வர வேண்டும். சமதரையில் ஒழுங்காகப் போகும், மேடு வந்தால் படுத்துவிடும். பெட்ரோல் வண்டியும் பெங்களூர் லைனும் பழைய ஆட்களுக்கு. நம்மைக் கண்டாலே லாரி செட் மேஸ்திரி, "புதுசுங்களா, பாலக்கோட்டுல தோலு கெடக்குது, ஏத்திட்டு வாங்க" என்பார். எத்தனை அரப்பு போட்டுத் தேய்த்தாலும் அந்த வாடை போகாது. இதற்காகவா லைசென்ஸ் எடுத்தேன் என்று நான் குதிப்பேன்.

"வுடு மாப்ள, மேஸ்திரி என்ன வெறுங்காலோடவா நடக்கறாரு? அவரு செருப்பத்தான் நாம ஏத்திகிட்டு வர்றோம்" என்பாய். எனக்கும் சிரிப்பு வந்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் மாரண்டஹள்ளிப் பக்கம் எனக்குப் பெண் பேசினார்கள். பெண்ணின் அப்பா விவசாயி. கிழடு தட்டிய மாட்டைக்கூட விற்காமல், கடைசிவரை தீனி போட்டு வைத்துக்கொள்கிறவர். மாப்பிள்ளை கம்பெனி டிரைவர் என்று மட்டும்தான் தரகர் அவரிடம் சொல்லியிருந்தார். "ஒரு நாளைக்கு செட்டுக்கு வந்து பையனப் பாத்துக்கறேன்" என்று அவர் சொல்லி அனுப்பினார். மாட்டுத் தோல் லாரியோடு பார்த்தால் சம்பந்தம் போச்சு. அவர் வந்து போகிறவரைக்கும் வேறு லோடு கொடுங்கள் என்று மேஸ்திரியிடம் கெஞ்சினேன். "மாப்பிள்ளைக்குப் பல்லக்கு வேணுமாக்கும்?" என்று சொல்லிவிட்டு மறுபடியும் பாலக்கோட்டுக்கே அனுப்பினார்.

அன்று தோல் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது லாரி மேட்டில் நின்றுவிட்டது. நீ கிளறு கிளறு என்று கிளறினாய். புகை வந்ததே தவிர வண்டி நகரவில்லை. எதிரே, தர்மபுரிப் பக்கமிருந்து ஒரு மாட்டு வண்டி வந்தது. அதிலிருந்து இறங்கிய பெரியவர், "மாட்டப் பூட்டி இழுத்துப் பாக்கலாமுங்களா?" என்று தானாகவே கேட்டார். கரி லாரி மேட்டில் நின்றால் மாடு பூட்டி இழுத்துவிடுவது அப்போது வழக்கம். என்ன லோடு என்று அவரும் கேட்கவில்லை, நாமும் யோசிக்கவில்லை. அறிவு கெட்ட ஜன்மங்கள்! மாடுகளை லாரிக்கு முன்னால் கொண்டுவந்தாரோ இல்லையோ, தோல் வாடை பட்டு இரண்டும் கண்ணை உருட்டிக்கொண்டு மிரண்டன. செவலை மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ராகிக் காட்டுக்குள் ஓடியது. நீதான் விழுந்தடித்து ஓடிப் பிடித்துவந்தாய்.

பெரியவர் செவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டே பேசினார். "நானு மாரண்டஹள்ளிங்க. பொண்ணுக்குப் பாத்திருக்கற பையன் உங்க கம்பெனியிலதான் இருக்கறானாம். செட்டுல போயிப் பாத்தா ஆளக் காணோம். இந்த லாரிக்கு யாருங்க டிரைவரு?"

நீ சட்டென்று முன்னால் வந்தாய்.

"நாந்தானுங்க. தோலு எங்க ஆளுங்க யாவாரம், அதனால என்னையத்தான் அனுப்புவாங்க. இவரு பெங்களூர் லைனுங்க. சும்மா தொணைக்கு வந்தாரு. தோலு மேல இவரு கைகூடப் படாதுங்க."

பெரியவர் கரி அப்பியிருந்த என் கையைப் பார்த்தார். "பையன் தோல் லாரியிலதான் போயிருக்கறான்னு மேஸ்திரி சொன்னாருங்களே" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! "ஆமாங்க, நாந்தான் அந்தப் பையன். புது ஆளுங்களுக்கு இதுதான் லோடு. புடிச்சாப் பாருங்க, இல்லீன்னா வுடுங்க!" என்று கத்தினேன். அவர் மாட்டை வண்டியில் பூட்டிக்கொண்டு போய்விட்டார். "உன்னைய யாரு பொய் சொல்லச் சொன்னா?" என்று உன் மேலும் பாய்ந்தேன். நீ தலையைக் குனிந்துகொண்டு தோல் கட்டுகளை இறக்க ஆரம்பித்தாய். பாதி லோடை இறக்கி, வண்டியை மேலே ஏற்றிவிட்டு, கட்டுகளைத் தலையில் சுமந்தோம். கனமான கட்டுகளையெல்லாம் நீயே தூக்கினாய்.

ஆனாலும் ஆடி கழிந்ததும் சம்மதம் என்று சொல்லி அனுப்பினார்கள். கல்யாணம் ஆனது. நமக்கும் பிறகு நல்ல லைன் கிடைத்தது. ஆனால் உனக்கு மட்டும் அது மனசை விட்டுப் போகவில்லை. வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் பெண்டாட்டியிடம், "மன்னிச்சுக்கம்மா, அன்னிக்கி நானு வாய வெச்சுகிட்டு சும்மா இருந்திருக்கணும்" என்பாய். "என் கல்யாணத்தையே கெடுக்கப் பாத்த ஆளு இவன்" என்று நானும் விடாமல் கேலி செய்வேன். அவள் சிரித்துக்கொண்டே உனக்கு டீ கொடுப்பாள்.

போன மாதம் உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்து, அவளிடம் அந்தப் பொய்யைப் பற்றித்தான் புலம்பிக்கொண்டிருந்தேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"அப்பா அன்னிக்கி வூட்டுக்கு வந்து என்ன சொன்னாருன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா? 'பையன் முன்கோபிதான். ஆனா கூட இருந்த பாய் இருக்கறானே, அந்த நாத்தத்தப் பூராவும் தன் தலையில இழுத்துப் போட்டுகிட்டான். இப்பிடியொருத்தன் கூட்டாளியா இருக்கறான்னா பையன் நல்லவனாத்தான் இருப்பான், குடுக்கலாம்'னுதானுங்க சொன்னாரு. நீங்க பாயக் கேலி பண்ணும்போதெல்லாம், தெரிஞ்சுதான் வெளையாடறீங்கன்னு நெனச்சேன்."

எனக்குத் தெரியாது, பாய். உனக்கும் தெரியாது. தெரியாமலே எத்தனை தடவை அவளிடம் மன்னிப்புக் கேட்டாய்! நீ உயிரோடு இருந்தபோதே அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று அவள் மேல் கோபித்துக்கொண்டேன். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம்.

இனிமேல் எங்கள் கல்யாணத்துக்கு யார் தரகர் என்று எவர் கேட்டாலும், நான் உன் பேரைத்தான் சொல்வேன்.