சுதாவுக்கு எழுதிய குறிப்பு

நவம்பர் 9, ஞாயிறு

சுதா தில்லியிலேயே இருக்க வேண்டியதற்கான காரணங்கள்:
1. அவள் படிப்புக்கு இங்கே வேலைக்குப் பஞ்சமில்லை.
2. முனிர்கா மெட்ரோ பத்து நிமிட நடை.
3. தனியாக இருந்து அவளுக்குப் பழக்கமில்லை.

மகளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது. இன்றைக்குள் பதில் அனுப்ப வேண்டும். எதிரே உட்கார்ந்து பேசத் தைரியம் இல்லாமல், காலையில் இந்தக் குறிப்பைக் கொடுத்தேன். கோப்பு எழுதிய பழக்கத்தில், அவள் கருத்தை எழுத ஓரத்தில் இடமும் விட்டிருந்தேன். ஆனால் தமிழில் எழுதிவிட்டேன். அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும்.

"என்னப்பா, எனக்கே ஆபீஸ் நோட்டா? நீங்களே படிங்க, ஜல்தி," என்று சிரித்தாள்.

முதலாவதைப் படித்தேன்.

"வேலை இருக்குப்பா. மூச்சு விடக் காத்துதான் இல்ல," என்றாள். மேசையில் அவளுடைய இன்ஹேலர் இருந்தது.

இரண்டாவதைப் படித்தேன்.

"அச்சா, மெட்ரோவ ஒத்துக்கறேன்."

மூன்றாவதைப் படிக்க வாய் வரவில்லை. தாளை மடித்தேன்.

"நம்பர் எனக்குப் படிக்கத் தெரியும்ப்பா. மூணு எங்க?"

"அது முக்கியமில்லம்மா," என்றேன்.

வேலையில் சேருவதாகச் சாயங்காலமே கோயம்புத்தூருக்குப் பதில் அனுப்பிவிட்டாள். அடுத்த மாதம் கிளம்புகிறாள். தினமும் வாசலில் அவள் சாவி திரும்பும் சத்தம் கேட்ட பிறகுதான் நான் குக்கரை அடுப்பில் வைப்பேன். இனி எதைக் கேட்டு வைப்பது?

குறிப்பை இப்போது மறுபடி படித்தேன். மூன்றாவது தவறு. தனியாக இருந்து பழக்கமில்லாதவன் நான்தான்.