நான் இருந்த கல்

மச்சான்,

லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு கடை வாசலைத் தாண்டும்போது மட்டன் ரோல்ஸ் பொரிக்கிற வாசம் அடித்தது. மற்றவர்களுக்குப் பசி வந்திருக்கும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. உன் பல் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. வாயிலிருந்த பல்லல்ல, டென்மார்க் அருங்காட்சியகத்தில் உன் பெயரோடு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற பல்.

என் தங்கையைக் கட்டி அங்கே குடியேறியவன் நீ. ஒவ்வொரு கோடையிலும் லண்டனிலிருந்து வரும் என்னை அந்த வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைக் கரைக்கு இழுத்துக்கொண்டு போவாய். அன்றைக்குக் கால் உளைந்து, விழுந்து கிடந்த ஒரு கல்லில் இருந்துகொண்டு, தங்கை கட்டித்தந்த ரோல்ஸைப் பிரித்தேன். ஒன்றை எடுத்துக் கடித்தபடியே சொன்னாய்.

"எழும்பு மச்சான். நீ இருக்கிற கல்லிலை ஏதோ மினுங்குது."

எழும்பினேன். அதற்காக இன்றுவரை என்னையே திட்டுகிறேன். என் காற்சட்டைக்குக் கீழே, டைனோசர் காலத்துக் கடல்விலங்கொன்றின் பல்! அந்த நாட்டில் இப்படி அரிய உயிர்ச்சுவடு கிடைத்தால் அரசிடம் ஒப்படைக்கவேண்டும். கண்டெடுத்தவரின் பெயரை அருங்காட்சியகம் பக்கத்தில் எழுதிவைத்தது. உன் பெயரை மட்டும்.

"கல்லைப் பிடிச்சது நானெல்லோ?" என்று கேட்டேன்.

"ஓம், நீ அடைகாத்தனீ. கண்டது நான்."

தங்கையும் சேர்ந்து சிரித்தாள். பிறகு எந்தக் கலியாண வீட்டிலும் அந்தக் கதையை நீ விட்டதில்லை.

உன்னை முந்தவென்றே லண்டனுக்குப் பக்கத்துக் கென்ட் கரையில் தேடத் தொடங்கினேன். அங்கேயும் அதே சுண்ணாம்புதான். கிடைத்ததெல்லாம் சிப்பித் துண்டுகள். படம் அனுப்பினால், "வடிவாயிருக்கு. குப்பையிலை போடு" என்று பதில் வரும்.

போன ஞாயிறு கிடைத்தது மச்சான்! கல்லாய்ப்போன கடல் முள்ளெலி ஓடு, உருண்டையாய், முழுசாய், முதுகில் ஐந்து கதிர் நட்சத்திரம் தேயாமல். படமெடுத்து உனக்கு அனுப்பப் போன கை அப்படியே நின்றுவிட்டது. நீ கண்ணை மூடி ஒரு மாரிகாலம் கடந்துவிட்டது.

மகனிடம் காட்டினேன். "நைஸ், அப்பா" என்றான். தங்கை, "கவனமாய் வையுங்கோ அண்ணை" என்றாள். ஒருவருக்கும் பொறாமை வரவில்லை. உனக்கு வந்திருக்கும். பக்கத்திலேயே குனிந்து தேடத் தொடங்கியிருப்பாய். அதைப் பார்க்கத்தானே இவ்வளவு காலம் அலைந்தேன்!

கல் என் கோட்டுப் பைக்குள்ளேயே கிடக்கிறது. கரைக்குப் போகும்போது இப்பவும் ரோல்ஸ் கொண்டுபோகிறேன். எந்தக் கல்லில் இருக்கும் முன்னும் ஒருமுறை சுற்றிவந்து பார்க்கிறேன். எழும்பச் சொல்ல நீ இல்லையே, மச்சான்.