நிற்பதற்கு முன் கையைத் தூக்கு

கோபன்ஹேகன்,
அக்டோபர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

விலியாவின் வணக்கம். உங்கள் இடுப்பு வலி குறைந்ததா? நான் சுகமாகத்தான் இருக்கிறேன். முழங்காலில் கொஞ்சம் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

லினாஸ் அண்ணனைப் பார்த்தாயா என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறீர்கள். பார்த்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை ஹோட்டல் வேலைக்குச் சைக்கிளில் போகும்போது, பாதையோரம் யாரோ ஒருவனோடு பேசிக்கொண்டு நின்றான். சந்தோஷத்தில் சட்டென்று பிரேக் பிடித்தேன். இங்கே நிற்பதற்கு முன் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். நான் மறந்துவிட்டேன். பின்னால் வந்த பெண் என்மேல் மோதி, இருவரும் விழுந்தோம்.

"கைய தூக்கணும்னு தெரியாதா? சைக்கிள் கிடைச்சா போதும், ரோட்டுக்கு வந்துடுறது!" என்று கத்தினாள்.

நான் விழுந்த இடத்திலிருந்தே, "லினாஸ் அண்ணா!" என்று கூப்பிட்டேன்.

அவள் அவனிடம், "உங்க ஆளா இது?" என்றாள்.

"இல்லையே, யாருன்னே தெரியல."

இந்த ஊர் மொழியில்தான் சொன்னான். அது எனக்கும் புரியும் என்று நினைக்கவில்லை போலிருக்கிறது. தன் சைக்கிளில் ஏறிப் போனவன், அடுத்த சிக்னலில் நிற்பதற்கு முன் மறக்காமல் கையைத் தூக்கினான்.

அம்மாவிடம் அவன் நலம் என்று மட்டும் சொல்லுங்கள். காலையில் கை விறைத்துப்போகிறது, கம்பளிக் கையுறை பின்னி அனுப்பச் சொல்லுங்கள். சிவப்பாக இருக்கட்டும், தூக்கினால் தூரத்திலேயே தெரியும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. அம்மா வழக்கம்போல் அண்ணனுக்கும் ஒரு ஜோடி பின்ன உட்காருவாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வீர்களோ, அது உங்கள் பாடு.

விலியா